பாராசிட்டாய்டு: ஒட்டுண்ணி என்ற சொல் போதுமா?

பொள்ளாச்சியிலிருந்து:
வணக்கம். தென்னை விவசாயிகளுக்கான துண்டறிக்கை வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போக வேண்டும். சுருள் வெள்ளை ஈ பற்றியது. 2016இல் நம் பக்கமும் பாலக்காட்டிலும் தென்னையில் தென்பட்டது, இன்னும் ஓயவில்லை. அதை அடக்கி வைப்பது என்கார்சியா என்ற குளவி, ஒரு மில்லிமீட்டர்கூட இருக்காது. வெள்ளை ஈயின் குஞ்சுக்குள் முட்டையிடும். புழு உள்ளேயே தின்று வளர்ந்து, குளவியாகி, மேல்தோலில் வட்டமாகத் துளை போட்டு வெளியே வரும். குஞ்சு செத்தே தீரும். இப்படிப்பட்டதுதான் பாராசிட்டாய்டு. வேளாண் வெளியீடுகளில் இதையும் ஒட்டுண்ணி என்றே எழுதுகிறார்கள். "ஒட்டுண்ணி உள்ள ஓலைத்துண்டை வெட்டி மற்ற மரங்களில் கட்டவும்" என்ற வரியை ஒரு தோட்டக்காரரிடம் வாசித்தேன். "ஏனுங்க, இருக்கற சீக்கு பத்தாதுன்னு ஒட்டுண்ணிய வேற நானே கட்டோணுமா?" என்றார். பயந்து மருந்தடித்தால் குளவியும் சேர்ந்து செத்துப்போகும். நல்ல சொல் ஒன்று தாருங்கள்.

ஈரோட்டிலிருந்து:
ஆங்கிலச் சொல்லை 1913இல் ராய்ட்டர் என்ற பின்லாந்துப் பூச்சியியலாளர் உண்டாக்கினார். 'ஒட்டுண்ணியைப் போன்றது' என்பதே பொருள். தமிழில் நேராக ஒட்டுண்ணிப்போலி. போல் பகுதி, இ விகுதி. அகம் அகன் ஆனால் கடைப்போலி என்கிறோமே, அந்தப் போலி. இலக்கணம் படித்தவர் யாரும் குழம்ப மாட்டார்.

கோவையிலிருந்து:
ஐயா, துண்டறிக்கையைப் படிக்கப்போவது போலி விதையும் போலி மருந்தும் வாங்கி ஏமாந்தவர்கள். 'போலி'யைப் பார்த்ததும் கீழே வைத்துவிடுவார்கள். என் யோசனை கொல்லுண்ணி. வினைத்தொகை என்பதால் கொன்ற, கொல்கின்ற, கொல்லும் எல்லாம் அடங்கும்.

ஈரோட்டிலிருந்து:
தம்பி, அப்படிப் பார்த்தால் புலியும் கொல்லுண்ணிதான். கொன்று தின்பதற்கு இரைவிழுங்கி என்ற சொல் ஏற்கெனவே இருக்கிறது. இங்கே ஒரே ஓர் உயிரை, அதுவும் உயிரோடு வைத்துத் தின்று, கடைசியில் கொல்கிறது. அந்த வேறுபாடு சொல்லில் தெரிய வேண்டாமா? குறளில் 89ஆம் அதிகாரம் உட்பகை. எள்ளின் பிளவு அளவே இருந்தாலும் உட்பகை கெடுத்துவிடும் என்கிறார் வள்ளுவர். என்கார்சியாவுக்கு இதைவிடப் பொருத்தமான சொல் கிடைக்காது. உட்பகையுயிரி என்று வைக்கலாம்.

அப்புறம் 'உண்ணி' பற்றி ஒன்று. நம் ஊரில் உண்ணி என்றால் மாட்டு மடியில் ஒட்டியிருப்பதுதான் நினைவுக்கு வரும். உண்ணிக்கொக்கு என்று பெயர் வந்ததும் அதனால்தான். உண்மையில் அந்தக் கொக்கு பெரும்பாலும் தின்பது மாடு மேயும்போது புல்லிலிருந்து கிளம்பும் வெட்டுக்கிளிகளை. அதைத் துணைக்கு இழுக்காமல் உண்ணிச்செடிக்கு ஏன் அந்தப் பெயர் என்று யாராவது விளக்குங்கள், நெடுநாளாகத் தேடுகிறேன்.

உடுமலையிலிருந்து:
கரும்புக்காரர்கள் வருடக்கணக்கில் ஒட்டுண்ணி அட்டை வாங்கிக் கட்டுகிறார்கள். அந்தக் காகித அட்டையில் இருப்பது டிரைக்கோகிரம்மா என்ற குளவி, தண்டுத்துளைப்பானின் முட்டையை அழிப்பது. பப்பாளி மாவுப்பூச்சி மரவள்ளியையும் மல்பெரியையும் நாசம் செய்தபோது, 2010இல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து வந்த குளவியையும் ஒட்டுண்ணி என்றுதான் கொடுத்தார்கள், வாங்கி விட்டோம். புழக்கத்தில் உள்ள சொல்லை ஏன் கலைக்க வேண்டும்? நன்மை செய்யும் ஒட்டுண்ணி என்று போட்டால் வேலை முடிந்தது.

கோபியிலிருந்து:
அண்ணா, 'நன்மை செய்யும்' மட்டும் வேண்டாம். நாங்கள் பட்டுப்புழு வளர்க்கிறோம். ஊசி ஈ எங்களுக்கு எமன். புழுவின் மேல் முட்டையிடும், அதன் புழு தோலைத் துளைத்து உள்ளே போகும். நுழைந்த இடத்தில் கரும்புள்ளி ஒன்று நிற்கும், அதைப் பார்த்தால் வயிறு கலங்கும். தப்பிக் கூடு கட்டினாலும், ஈயின் புழு வெளியே வந்த ஓட்டையால் நூற்க முடியாது. அதுவும் பாராசிட்டாய்டுதான், ஆனால் குளவி இல்லை, ஈ. அந்த ஈயின் கூட்டுப்புழுவை அழிக்க நீசோலின்க்ஸ் என்ற குளவியை விடுகிறோம், அதுவும் பாராசிட்டாய்டே. தென்னைக்கு நண்பன், பட்டுக்குப் பகைவன். உயிருக்கும் உயிருக்கும் உள்ள உறவைச் சொல்லும் பெயரில் நன்மை தீமையைக் கலந்தால் பள்ளிப் பிள்ளைகள்கூடத் தப்பாகப் படிப்பார்கள்.

கோவையிலிருந்து:
அக்கா சொல்வதுதான் சரி. உட்பகையும் முழுக்க நிற்காது, ஐயா. தென்னைக் கருந்தலைப்புழுவுக்கு விடும் கோனியோசஸ் என்ற குளவி, புழுவைக் கொட்டி மயக்கி அதன் உடம்பின் மேல்தான் முட்டையிடும். குஞ்சுகள் வெளியே ஒட்டிக்கொண்டு உறிஞ்சும். ஒட்டும் இருக்கிறது, கொல்வதும் இருக்கிறது. கொல்லொட்டுண்ணி என்றால் பழைய சொல்லும் உள்ளே இருக்கும்.

உடுமலையிலிருந்து:
வாயில் கொஞ்சம் முரண்டு பிடிக்கிறது. இருந்தாலும் சரி.

கோபியிலிருந்து:
எனக்கும் சரிங்க.

பொள்ளாச்சியிலிருந்து:
நேரமில்லை, எனவே இப்படிச் செய்கிறேன். துண்டறிக்கையில் 'வெள்ளை ஈயைக் கொல்லும் குளவி' என்று நேராக எழுதிவிடுகிறேன். கூடவே படம்: லென்ஸ் வைத்துப் பார்க்கும்போது குஞ்சின் காலித்தோலில் வட்டத் துளை என்றால் வந்தது குளவி, கீறலாகப் பிளந்திருந்தால் வந்தது வெள்ளை ஈ. வட்டத் துளை நிறைய இருந்தால் மருந்தடிக்க வேண்டாம். கலைச்சொல் பட்டியலுக்குக் கொல்லொட்டுண்ணி.

ஈரோட்டிலிருந்து:
துண்டறிக்கை போகட்டும், அந்த வரி நன்றாக இருக்கிறது. பட்டியலில் மட்டும் 'முடிவு' என்று குறிக்காதீர்கள். கோனியோசஸ் வெளியே ஒட்டுகிறது, ஒப்புக்கொள்கிறேன். டிரைக்கோகிரம்மா முட்டைக்குள் பிறந்து முட்டைக்குள்ளேயே வளர்ந்து முடிக்கிறதே, அதில் ஒட்டு எங்கே இருக்கிறது? என் பக்கம் உட்பகையுயிரி என்று பதிந்து வையுங்கள். உண்ணிச்செடிக்கு இன்னும் பதில் வரவில்லை.