டெட்லெக்: தமிழில் என்ன சொல்வது? திங்கட்கிழமை அச்சுக்குப் போகிறது

மைக்கூடு | வியாழன், இரவு 9.10

குழுவினர் அனைவருக்கும் வணக்கம்.

துறைமுகம் ஒன்றின் எண்ணெய்க் குழாய்களைப் பராமரிக்கும் ஒப்பந்தத் தொழிலாளர்களுக்கான பாதுகாப்புக் கையேட்டைத் தமிழாக்கி வருகிறேன். எண்பது பக்கத்தில் எழுபத்தெட்டு முடிந்தது. 'டெட்லெக்' (dead leg) என்ற ஒரு சொல்லில் வண்டி நின்றுவிட்டது.

பொருள் இதுதான்: குழாய்த் தொகுதியில் எண்ணெய் ஓடாமல் கிடக்கிற பகுதி. முன்பு எதற்கோ போட்டு, பிறகு முனையில் தகடு வைத்து மூடிய கிளை. எப்போதும் அடைத்தே இருக்கும் வால்வுக்குப் பின்னால் உள்ள துண்டு. மாற்று பம்புக்குப் போகும் குழாய், வடிப்புக் குழாய். ஓட்டம் இல்லாததால் எண்ணெயோடு வந்த தண்ணீர் அடியில் படிகிறது, நுண்ணுயிர் பெருகுகிறது, குழாய் உள்ளிருந்தே அரிக்கிறது.

கணினி 'இறந்த கால்' என்று மொழிபெயர்த்துத் தந்தது. அதை ஏற்கெனவே ஒரு பலகையில் எழுதி மாட்டியும் விட்டார்களாம். திங்கட்கிழமை காலை அச்சு. காப்பாற்றுங்கள்.

வேர்ச்சொல் | வியாழன், இரவு 10.25

அன்புள்ள மைக்கூடு அவர்களுக்கு,

'இறந்த கால்' சிரித்துவிட்டுப் போகக்கூடியதன்று. இறத்தல் என்பதன் பழம்பொருள் கடத்தல். இறந்தகாலம் என்பது செத்த காலமா என்ன? கடந்துபோன காலம். ஆகவே இறந்த கால் என்றால் கடந்து சென்ற கால். ஓடாமல் கிடப்பதற்கு ஓடிக் கடந்தது என்று பெயர் வைத்திருக்கிறது உங்கள் கணினி!

ஆனால் 'கால்' என்பதை விட்டுவிடாதீர்கள். ஆங்கிலத்தில் அது வெறும் உடலுறுப்பு. நமக்கோ நீர் செல்லும் வழியே கால்: வாய்க்கால், வடிகால், கால்வாய். காற்றும் கால். இவற்றுக்கெல்லாம் வேர் 'கால்தல்' என்ற வினை என்பது என் துணிபு. கால்தல் என்றால் உமிழ்தல். பாம்பு நஞ்சு காலும். நீரைக் காலுவது கால். அப்படியானால் எதையும் காலாத கால்? ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம் கைகொடுக்கிறது: காலாக்கால்.

பட்டறை | வியாழன், இரவு 10.41

> காலாக்கால்

ஐயா, முப்பத்தொரு வருடம் குழாய் பிட்டராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். இந்தச் சொல்லை ஒரு ஹெல்பரிடம் சொன்னால், காலாற நடந்துவிட்டு வரச் சொல்கிறேன் என்று நினைத்துக் கிளம்பிவிடுவான்.

வேலையிடத்தில் பிளாஞ்சு, கேஸ்கெட், வால்வு, இவ்வளவுதான் மொழி. முனையில் தகடு வைத்து மூடினால் டம்மி போட்டாயிற்று என்போம். அந்தத் துண்டு டம்மி லைன். டெட்லெக் என்பது ஆய்வாளர் வாயில் மட்டும் கேட்கும் சொல்.

வேர்ச்சொல் | வியாழன், இரவு 11.02

வால்வு என்றே தமிழ்க் கையேட்டில் எழுதப்போகிறீர்களா? ஓரதர் என்ற அழகான சொல் இருக்கிறதே. அதர் என்றால் வழி. ஒருவழி விடுவது ஓரதர்.

பட்டறை | வியாழன், இரவு 11.06

தீ பிடிக்கும்போது "ஓரதரை மூடு" என்று கத்திப் பாருங்கள் ஐயா. அவன் யாரை மூட வேண்டும் என்று திரும்பிப் பார்ப்பதற்குள் எல்லாம் முடிந்துவிடும். அதுவும் ஒருவழி மட்டும் விடுவது வால்வில் ஒரு வகைதான். மற்றவற்றில் எண்ணெய் இரு பக்கமும் போகும்.

வகுப்பறை | வெள்ளி, காலை 6.30

வணக்கம். பாலிடெக்னிக்கில் இயந்திரவியல் நடத்துகிறேன். இதை வகுப்பில் முட்டுச்சந்தோடு ஒப்பிட்டுத்தான் விளக்குவேன். பையன்களுக்கு உடனே புரியும். அதனால் முட்டுக்குழாய் என்று வைக்கலாமே?

கொட்டியாரம் | வெள்ளி, காலை 8.15

திருகோணமலையிலிருந்து வணக்கம். முட்டுச்சந்து இங்கே எல்லோருக்கும் பிடிபடாது, அம்மா. எங்களுக்குச் சந்தி என்றால் வீதிகள் கூடுமிடம். ஒடுங்கிப் போய் நிற்பது குச்சொழுங்கை. குச்சொழுங்கைக் குழாய் என்று நான் முன்மொழியப் போவதில்லை, பயப்பட வேண்டாம்.

இன்னொன்று. கையேட்டில் எண்ணெய்த் 'தொட்டி' என்று எழுதுகிறீர்களா? இங்கே சீனன்குடாவில் 1930களில் பிரித்தானியர் கட்டியவற்றை நாங்கள் எண்ணெய்த் தாங்கிகள் என்றுதான் சொல்கிறோம். 1942 ஏப்ரல் 9 அன்று ஜப்பானிய விமானங்கள் தாக்கியது அந்தத் தாங்கிகளையும்தான். தொட்டி என்றால் எங்களுக்குத் தண்ணீர்த் தொட்டியும் மாட்டுத் தொட்டியும்.

வேர்ச்சொல் | வெள்ளி, காலை 8.50

தாங்கி! எவ்வளவு நயமான சொல். ஆனால் பாருங்கள், தாங்குதல் என்பது சுமத்தலா, தடுத்தலா? இரண்டும் உண்டு. சுமைதாங்கிக் கல்லில் சுமத்தல். "வெயில் தாங்கவில்லை" என்பதில் பொறுத்தல். எண்ணெயைச் சுமக்கிறதா, பொறுத்துக்கொள்கிறதா என்று பார்த்தால்

மட்டுறுத்துநர் | வெள்ளி, காலை 9.00

தாங்கி, தொட்டி பற்றித் தனி இழை தொடங்குங்கள். இங்கே டெட்லெக் மட்டும். 'தாங்கவில்லை' என்ற சொல் எனக்கும் பொருந்தத் தொடங்கிவிட்டது.

நெய்தல் | வெள்ளி, பகல் 1.20

2023 மார்ச்சில் நாகூர் பட்டினச்சேரிக் கடற்கரையில் கச்சா எண்ணெய்க் குழாய் கசிந்தபோது, குழாயையே அகற்றுங்கள் என்று மீனவர்கள் போராடினார்கள். அதற்கும் டெட்லெக்குக்கும் முடிச்சுப் போட நான் வரவில்லை. குழாயைப் பற்றிய சொல் பிட்டருக்கு மட்டும் சொந்தமில்லை, கரையில் வலை காய வைக்கிறவருக்கும் விளங்க வேண்டும் என்பதற்காகச் சொல்கிறேன்.

எங்கள் ஊரில் வெளியே தெரியாமல் உள்ளே கன்றிப்போன அடியை ஊமைக்காயம் என்போம். வெளியே பளபளப்பு, உள்ளே அரிப்பு. ஊமைக்குழாய்?

பட்டறை | வெள்ளி, பகல் 1.34

இது சொல்! நான் கண்டதும் இதுதான். துறைமுகத்தின் பெயர் வேண்டாம். கப்பல் மேடைக்கு அடியில் ஒரு இரண்டு அங்குல வடிப்புக் குழாய். புது பெயின்ட், அதன் மேல் தேதிகூட எழுதியிருந்தது. ஆய்வுக்கு வந்த பெண், மானி இடைவெளியில்லாமல் படிவதற்கான கூழைத் தடவி, குழாய்ச் சுவரின் தடிமனை அளக்கும் மானியை வைத்தார். குழாயின் வட்டத்தைக் கடிகாரமாக வைத்துத்தான் நாங்கள் இடம் குறிப்போம். பன்னிரண்டு மணியில் 5.4 மில்லிமீட்டர். மூன்று மணியில் 5.1. அடிப்பக்கம், ஆறு மணியில், 1.9. மானி பழுது என்று சண்டை போட்டவன் நான்தான். அந்தப் பெண் ஒன்றும் பேசவில்லை. துணியால் துடைத்து, மறுபடி கூழ் தடவி வைத்தார். 1.8.

எண்ணெயை வடித்து, வாயு அளந்து, தீப்பொறி படாமல் கையால் அறுத்து எடுத்தோம். உள்ளே கறுப்புச் சேறு, அழுகிய முட்டை நாற்றம். ஆறு மணி இடத்தை அரிப்பு குழி குழியாகத் தின்றிருந்தது.

ஊமைக்குழாய்க்கு என் ஓட்டு.

வகுப்பறை | வெள்ளி, மாலை 5.10

என் ஓட்டு இல்லை. என் வகுப்பில் வாய்பேச இயலாத மாணவர் ஒருவர் இருக்கிறார். அவருக்கு முன்னால் நின்று, ஆபத்தானதையெல்லாம் ஊமை என்று கரும்பலகையில் எழுத என்னால் முடியாது. சொல் அழகுதான், மறுக்கவில்லை.

நெய்தல் | வெள்ளி, மாலை 5.25

திரும்பப் பெறுகிறேன். மனமில்லாமல்தான்.

வகுப்பறை | வெள்ளி, இரவு 9.45

என்னுடைய முட்டுக்குழாயையும் திரும்பப் பெறுகிறேன். இன்று பாடம் தயாரிக்கும்போது தவறு தெரிந்தது.

2007 பிப்ரவரி 16, அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் சன்ரே என்ற ஊர், மெக்கீ சுத்திகரிப்பு ஆலை. சுமார் பதினைந்து ஆண்டுகளாகப் பயன்படாத ஒரு கட்டுப்பாட்டுக் குழாய்ப் பகுதி. வால்வை அடைத்து வைத்திருந்தார்கள், கழற்றவில்லை. வால்வுக்குள் ஏதோ உலோகத் துண்டு சிக்கியதால் அது முழுக்க மூடவில்லை. புரொப்பேனில் இருந்த தண்ணீர் கசிந்து வந்து தாழ்வான வளைவில் சேர்ந்தது. குளிரில் உறைந்து விரிந்து வளைவைப் பிளந்தது. பனிக்கட்டி உருகியதும் புரொப்பேன் பீறிட்டது, தீப்பற்றியது.

இதில் முட்டு எங்கே இருக்கிறது? குழாய் ஒரு பக்கம் புறப்பட்டு மறுபக்கம் போய்ச் சேர்கிறது. உருவத்தைப் பார்த்தால் வழக்கமான குழாய்தான். அமெரிக்கப் பெட்ரோலியக் கழகத்தின் 570ஆம் நெறிமுறையும் சொல்லத்தக்க ஓட்டம் வழக்கமாக இல்லாததைத்தான் டெட்லெக் என்கிறது. மூடிய முனை அதில் ஒரு வகை மட்டுமே. முட்டுக்குழாய் என்று கற்றுக்கொண்டவன் முட்டு இருக்கும் இடத்தை மட்டும் தேடுவான். நான் அப்படித்தான் இத்தனை வருடம் நடத்தியிருக்கிறேன்.

கொட்டியாரம் | வெள்ளி, இரவு 10.05

இங்கே தண்ணீர் உறையாதே?

பட்டறை | வெள்ளி, இரவு 10.12

உறையாது, அரிக்கும். நேரம்தான் கூட ஆகும். டம்மி லைனும் அப்போது சரிவராது, அதுவும் உருவப் பெயர்தான். டீச்சரம்மா சொல்வதுதான் சரி.

மைக்கூடு | சனி, காலை 7.00

அப்படியானால் தேங்குகுழாய்? ஒரு சந்தேகம். எங்கள் கையேட்டுத் துறைமுகத்தில் பத்து நாளுக்கு ஒரு கப்பல் வருகிறது. இடைப்பட்ட நாளெல்லாம் பெரிய குழாய் முழுக்க எண்ணெய் நிரம்பி அப்படியே நிற்கிறது. அதுவும் தேங்குகுழாய் ஆகிவிடுமா?

பட்டறை | சனி, காலை 7.20

அது தூங்குகிற குழாய், தம்பி. கப்பல் வந்தால் எழுந்து ஓடும். ஓட்டம் நன்றாக இருந்தால் அடியில் படிந்த தண்ணீரையும் பெரும்பாலும் இழுத்துப்போகும். ஆனால் கடைசித் தொட்டிக்குத் திரும்பும் வால்வைத் தாண்டி, பிற்காலத்தில் நீட்டிக்கொள்ளலாம் என்று விட்டிருப்பார்கள் பாருங்கள் நாலைந்து மீட்டர்? எந்தக் கப்பல் வந்தாலும் அங்கே ஒன்றும் அசையாது. தேங்குகுழாய் அதுதான். நின்றிருக்கும் குழாய், ஓடவே ஓடாத குழாய் என்ற வித்தியாசத்தை இரண்டு வரியில் எழுதிவிடுங்கள்.

வேர்ச்சொல் | சனி, காலை 8.40

குழாய் குழாய் என்கிறீர்கள். குழாய் என்றால் தெருக்குழாயும்தானே? தேங்குகால் என்றால் வாய்க்கால், வடிகால் வரிசையில் உட்காரும். உழவர் மரபு அறுபடாது.

நெய்தல் | சனி, காலை 9.05

ஐயா, தேங்குகால் என்றால் எங்கள் ஊரில் யானைக்கால் என்று நினைப்பார்கள்.

மட்டுறுத்துநர் | ஞாயிறு, இரவு 8.00

தேங்குகுழாய் 5. தேங்குகால் 1. "எதுவானாலும் சரி, தூங்க விடுங்கள்" என்று எழுதியவர்கள் 3. அவர்களைத் தேங்குகுழாய் பக்கம் சேர்த்துக்கொண்டேன். மைக்கூடு, அச்சுக்குக் கொடுங்கள்.

வேர்ச்சொல் | ஞாயிறு, இரவு 8.30

என் மாறுபட்ட கருத்தைப் பதிவு செய்யுங்கள். காலாக்காலையும் சேர்த்து.

மைக்கூடு | புதன், மாலை 4.15

கையேடு வந்துவிட்டது. எல்லோருக்கும் நன்றி. அச்சுக்கோப்பவர் இலக்கணம் திருத்துவதாக நினைத்து எல்லா இடத்திலும் 'தேங்குக்குழாய்' ஆக்கிவிட்டார். மொத்தம் பத்தொன்பது இடம்.

வேர்ச்சொல் | புதன், மாலை 4.19

வினைத்தொகையில் வல்லினம் மிகாது! ஊறுகாயை ஊறுக்காய் என்பாரா அவர்?

பட்டறை | அடுத்த திங்கள், காலை 10.30

பழைய தோழர்களைப் பார்க்கப் போயிருந்தேன். கையேட்டை வாசித்துக் காட்டியிருக்கிறார்கள். சொல் பிடித்துக்கொண்டது, ஆனால் வாயில் வேறு மாதிரி விழுந்திருக்கிறது. எல்லோரும் 'தேங்காக் குழாய்' என்கிறார்கள். தேங்காயைத்தான் நினைத்துச் சொல்கிறார்கள் போலிருக்கிறது. ஒருவன் சுண்ணாம்புக் கட்டியால் மூன்று தேங்குகுழாய்களில் தேங்காய்ப் படம் போட்டு வைத்திருக்கிறான்.

வேர்ச்சொல் | அடுத்த திங்கள், காலை 10.44

தேங்காக் குழாய் என்றால் என்ன பொருள் தெரியுமா? தேங்காத குழாய்! ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம்! 'இறந்த கால்' செய்த அதே வேலை. நேர் எதிரான பொருளில் வந்து நிற்கிறோம், இதற்கா நான்கு நாள் விவாதித்தோம்?

பட்டறை | அடுத்த திங்கள், காலை 10.52

அந்த மூன்றிலும் மானி வைத்துப் பார்க்கச் சொல்லியிருக்கிறேன் ஐயா. நாளைக்கு அளவு வரும்.