மறு: நானோகேரியர் – சிமிழா, காவியா, சுமப்பியா?

அன்புள்ள குழுவினருக்கு,

வெள்ளிக்கிழமை காலை துண்டறிக்கை அச்சுக்குப் போகிறது. புதுச்சேரியில் புற்றுநோய்க்கு லைப்போசோமல் டாக்சோரூபிசின் (கொழுப்புத் துகளுக்குள் வைத்துத் தரும் மருந்து) ஏற்றிக்கொள்பவர்களுக்கானது. மருந்தைச் சுமந்து செல்லும் மிகச் சிறிய துகளான நானோகேரியருக்கு இன்றிரவுக்குள் ஒரு தமிழ்ச்சொல் வேண்டும்.

> மைக்ரோவுக்கு 'நுண்' என்றால் நானோவுக்கு 'மீநுண்' தானே முறை?

முறைதான் ஐயா. நுண்ணுயிரி, நுண்ணோக்கி என்று பழகிய 'நுண்'ணையே ஆயிரத்தில் ஒரு பங்கு அளவுக்கும் வைத்தால் குழப்பம்தான். சிவப்பணுவின் குறுக்களவு ஏறத்தாழ 7,000 நானோமீட்டர். இந்த மருந்துத் துகள் ஏறத்தாழ 100. ஆனால் நேற்று கடலூர் முதுநகரில் மீன் விற்கும் அம்மா ஒருவருக்கு வரைவை வாசித்துக் காட்டினேன். 'மீநுண் மருந்து' என்றதும், "அப்போ மீனு சாப்பிடலாமா, கூடாதா?" என்று கேட்டார். காதுக்கு ந, ன வேறுபாடு கிடையாதே. பலருக்கும் இதை இன்னொருவர்தான் வாசித்துக் காட்டப்போகிறார். 'நானோ' இருக்கட்டும்.

> நானோ கிரேக்கத்தில் குள்ளன். நமக்குக் 'குறள்' இருக்கிறதே!

படித்ததும் மனம் நிறைந்தது. குறளாய் வந்து உலகளந்தவன் கோயில் திருக்கோவிலூரில், பெண்ணையாற்றங்கரையில். அந்த ஆறுதான் கடலூர்ப் பக்கம் வந்து கடலில் சேர்கிறது. ஆனாலும் இன்று குறள் என்றால் எல்லாருக்கும் திருக்குறள்தான். 'குறளூர்தி' என்று போட்டால் பொருள் சொல்ல ஓர் ஆள் கூடவே நிற்க வேண்டும்.

> நோயைச் சுமந்து பரப்புவதை யாழ்ப்பாணத்தில் நோய்க்காவி என்போம். மருந்துக்காவி என்றால் என்ன?

இலக்கணப்படி இதைவிட நல்ல சொல் வரவில்லை. காவுதல் என்றால் சுமத்தல். காவடியில் அந்த வேர் இன்னும் இருக்கிறது. தலைப்பில் உள்ள 'சுமப்பி'தான் இடறுகிறது. பரப்பு–பரப்பி, நிரப்பு–நிரப்பி, சரி. சுமப்பு என்று வினையடி ஏது? ஆனால் மருந்துக்காவியிலும் ஒரு சிக்கல்: எங்கள் பக்கம் காவி ஒரு நிறம், காவு என்றால் பலி. நோயாளி காதில் அது விழ வேண்டாம்.

நான் கேட்பது 'மருந்துச் சிமிழ்'. குங்குமச் சிமிழை அறியாதவர் யார்? உள்ளே ஒன்று பத்திரமாக இருக்கிறது என்பது சொல்லாமலே புரியும். லைப்போசோமும் அப்படித்தான்: கொழுப்புப் படலத்தால் ஆன உருண்டை, உள்ளே மருந்து. கட்டியின் ரத்தக்குழாய்ச் சுவரில் இடைவெளி அதிகம் என்பதால் அங்கே கசிந்து தங்குகிறது, இதயத்துக்கு வரும் கேடும் குறைகிறது. 1995லேயே அமெரிக்காவில் ஒப்புதல் பெற்ற மருந்துக்கு இன்னும் நாம் பெயர் வைக்கவில்லை என்பது வருத்தம்தான்.

சிமிழ் எல்லா நானோகேரியருக்கும் பொருந்தாது என்ற மருத்துவரம்மாவின் தடைக்கு என்னிடம் விடை இல்லை. ஆல்புமின் என்ற ரத்தப் புரதத்தோடு பிணைந்து வரும் பேக்லிடாக்செல் என்ற இன்னொரு புற்றுநோய் மருந்தில் உள்ளறையே கிடையாது. மருந்து புரதத்தோடு ஒட்டியிருக்கிறது. அது எப்படிச் சிமிழாகும்? ஆகாது. அதனால் சிமிழ் லைப்போசோமுக்கு மட்டும். பொதுச்சொல் காவியா சுமப்பியா என்பதை அப்புறம் பேசுவோம். புலவர் ஐயா மீநுண்ணை விடமாட்டேன் என்றதையும் குறித்துக்கொண்டேன்.

அறிக்கையில் 'நானோ மருந்துச் சிமிழ்' என்றே போடுகிறேன். ஒற்றுப்பிழை கண்டால் இரவு பத்துக்குள் எழுதுங்கள்.