சாலைக் காற்றில் பென்சீன்: காற்று இழுக்காத பிளாங்க் டியூபிலும் வருவது ஏன்?

நெல்லைவேதி:
திருநெல்வேலி ஜங்ஷன் ஈரடுக்கு மேம்பாலத்துக்குக் கீழே பென்சீன் அளக்கிறோம். முன்பகுதியில் 100, பின்பகுதியில் 50 மி.கி. கரி அடைத்த சார்க்கோல் டியூப்; பம்ப் நிமிடத்துக்கு 200 மி.லி. காற்றை இழுக்கும், 8 மணி நேரம். இரண்டு பகுதியையும் தனித்தனியே 1 மி.லி. கார்பன் டைசல்பைடு கரைப்பானில் ஊறவைத்து ஜிசி-எஃப்ஐடியில் (வாயு நிறப்பகுப்புக் கருவி) ஓட்டினால் முன்பகுதியில் 0.9 மைக்ரோகிராம், பின்பகுதியில் 0.6. முனையை உடைத்து உடனே மூடிக் கொண்டுவந்த பிளாங்கின் முன்பகுதியிலும் 0.6. முன்பகுதி நிரம்பி பின்னால் கசிந்துவிட்டதா? நேரத்தைக் குறைக்கவா?

தாமிரபரணிக்கரை:
குறைக்காதீங்க. கசிவுன்னா பிளாங்கில் ஏன் வருது? பின்பகுதியும் பிளாங்கும் ஒரே அளவில் நிற்குதே, குற்றவாளி கரைப்பான்தான். சாதாரண கிரேடு கார்பன் டைசல்பைடில் பென்சீன் கலந்தே இருக்கும். டியூபே இல்லாமல் கரைப்பானை மட்டும் ஏற்றிப் பாருங்க, அங்கேயும் 0.6 வந்தால் சந்தேகமே இல்லை. பென்சீன் குறைந்த கிரேடு தனியாகக் கிடைக்கும். பாட்டில் மாறும்போதெல்லாம் இதே சோதனை வேண்டும்.

கரைப்பானில் இல்லை, பிளாங்கில் மட்டும் வருதுன்னா டியூப் வந்த வழியைப் பாருங்க. பைக் டேங்க் மேல் வைக்கிற பையில் கொண்டுவந்தால் பெட்ரோல் ஆவி ஏறிவிடும்.

கணக்கையும் பாருங்க. 8 மணி நேரத்துக்கு 96 லிட்டர். 2009 தேசியத் தரநிலைப்படி பென்சீனின் ஆண்டு வரம்பு கனமீட்டருக்கு 5 மைக்ரோகிராம். அந்த அளவு காற்றில் இருந்தாலும் டியூபில் சேர்வது 0.48 மைக்ரோகிராம்தான். உங்க பிளாங்க் அதைவிடப் பெரிது. 0.9-இல் 0.6-ஐக் கழித்து 0.3 என்று எழுதினால் அந்த எண்ணை யாரும் நம்ப முடியாது.

பொதிகைச்சாரல்:
அண்ணாச்சி சொன்னதோடு ஒன்று. கார்பன் டைசல்பைடு 46 டிகிரியில் கொதிக்கும். சித்திரை வெயிலில் ஆய்வகம் 38-இல் இருந்தால், மூடியைத் திறக்கும்போதே கரைப்பான் பறந்து கரைசல் அடர்ந்துவிடும், பென்சீன் கூடுதலாகத் தெரியும். மாதிரிக் குப்பியை ஐஸில் வைத்துக் கரைப்பானை விடுங்க, உள்தரம் (கரைப்பான் பறந்தாலும் கணக்கைச் சரிசெய்ய, அளவு தெரிந்த வேறொரு பொருள்) சேருங்க. எல்லாம் ஃபியூம் ஹூடுக்குள் (ஆவியை உறிஞ்சி வெளியேற்றும் பெட்டி) மட்டும்தான். சுமார் 90 டிகிரிச் சூட்டிலேயே தானாகத் தீப்பற்றும், பக்கத்தில் ஹாட் பிளேட் கூடவே கூடாது.

நெல்லைவேதி:
நன்றி. கரிக்குப் பதில் டெனாக்ஸ் என்ற பாலிமர் தூள் அடைத்த டியூபுக்கு மாறினால் கரைப்பான் தொல்லையே இராதே?

தாமிரபரணிக்கரை:
இராது. வெப்பத்தால் விடுவிக்கும் கருவி இருந்தால் அதுவே மேல், நானோகிராமிலேயே தெரியும். ஆனால் நம்ம ஊர்ச் சூட்டில் டெனாக்ஸ் பென்சீனைப் பிடித்து வைக்காது. 200 மி.கி. டெனாக்ஸ் டிஏவுக்கு 20 டிகிரியில் பென்சீன் நழுவாமல் இழுக்கக்கூடிய பாதுகாப்பான காற்றளவு சுமார் 6 லிட்டர். ஒவ்வொரு 10 டிகிரிக்கும் ஏறக்குறையப் பாதியாகும். 40-இல் ஒன்றரை லிட்டர். நிமிடத்துக்கு 10 மி.லி. வீதம் இரண்டரை மணி நேரம்தான் ஓட்டலாம். கூடுதல் நேரம் வேண்டுமென்றால் டெனாக்ஸுக்குப் பின்னால், இன்னும் இறுகப் பிடிக்கும் கார்பன் தூளான கார்போபேக் பி அடைத்த இரட்டைப் படுகை டியூப் வாங்குங்க.

கருவி இல்லையென்றால் சார்க்கோலிலேயே 24 மணி நேரம், 288 லிட்டர். தரநிலையும் வாரம் இரண்டு நாள், 24 மணி நேரம், ஆண்டுக்கு குறைந்தது 104 அளவீடு என்றுதான் கேட்கிறது. 5 மைக்ரோகிராமில் 1.44 சேரும், சுத்தமான கரைப்பானோடு அது போதும். டியூபை நிமிர்த்தியே மாட்டுங்க. படுக்கவைத்தால் கரி ஒதுங்கி மேலே சந்து விழும், காற்று அது வழியே நழுவிடும். பம்ப் வேகத்தை டியூப் மாட்டிய நிலையில் தொடக்கத்திலும் முடிவிலும் சோப்புக்குமிழ் மீட்டரில் பாருங்க, 5 சதவீதத்துக்கு மேல் மாறியிருந்தால் அந்த மாதிரியை விட்டுடுங்க. ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில்தான் கசிவு உண்மையாகவே வரலாம்: பிளாங்கைக் கழித்த பிறகும் பின்பகுதியில் முன்பகுதியின் 10 சதவீதத்துக்கு மேல் இருந்தால் அப்போது நேரத்தைக் குறையுங்க.

பொதிகைச்சாரல்:
இடத்தையும் யோசிங்க. பாலத்தடியில் புகை தேங்கும், அது ஜங்ஷன் காற்றுக்குச் சான்றாகாது. ஆடியில் செங்கோட்டைக் கணவாய் வழியே மேல்காற்று அடிக்கும்போது அளவு தானாக இறங்கும். காற்றின் திசையும் வேகமும் மாதிரியோடு பதிவாகாவிட்டால் இரண்டு பருவத்தை ஒப்பிட முடியாது.