கூடை சுமக்கிற நடை: ஸ்பிரைட் அனிமேஷன் பழகின அனுபவம்

ஸ்பிரைட் அனிமேஷனை, அதாவது கேம்ல வர்ற குட்டி பிக்சல் உருவங்களை அசைய வைக்கிறதை, எதுல ஆரம்பிக்கலாம்னு யார் கேட்டாலும் நான் சொல்றது இதுதான்: தினமும் கண்ணுல படுற ஒரு நடையை எடுத்துக்குங்க. நான் எடுத்தது, தலையில அன்னக்கூடையோட மீன் விக்க வர்ற அக்காவோட நடை. காசிமேட்டுல ஏலம் முடிஞ்சதும் நேரா ராயபுரத்துல எங்க தெருவுக்குத்தான் வருவாங்க.

சாப்ட்வேருக்கு ரொம்ப யோசிக்க வேணாம். பிரவுசர்லயே ஓடுற பிஸ்கெல் இலவசம், லிப்ரேஸ்பிரைட்டும் இலவசம். ஏஸ்பிரைட்டுக்குக் காசு கட்டணும். ஆனா அதோட சோர்ஸ் கோடு பொதுவுல இருக்கு, சொந்த உபயோகத்துக்கு நாமளே கம்பைல் பண்ணி, அதாவது அந்தக் கோடை ஓடுற சாப்ட்வேரா மாத்தி வச்சுக்கலாம். முந்தின பிரேம் (அசைவோட ஒவ்வொரு படமும் ஒரு பிரேம்) மங்கலா தெரியுற ஆனியன் ஸ்கின் மூணுலயும் உண்டு. ஆரம்பிக்க அது போதும்.

எல்லாரும் சொல்லிக்குடுக்கிற நடையில நாலு நிலை. குதிகால் தரையைத் தொடுறது, எடை இறங்கி முட்டி மடங்குறது, ஒரு கால் இன்னொண்ணைக் கடக்குறது, உடம்பு எழும்புறது. ரெண்டு காலுக்கும் சேர்த்து எட்டு பிரேம். இறங்கும்போது தலை ஒரு பிக்சல் கீழே, எழும்பும்போது ஒரு பிக்சல் மேலே. 32க்கு 32 கட்டத்துல அந்த ஒரு பிக்சல்தான் உருவத்துக்கு உயிர் குடுக்குது.

கூடை சுமக்கிறவங்க நடை அப்படி இல்ல. இவ்ளோ கனத்தோட எப்படிக்கா இவ்ளோ வேகமா நடக்குறீங்கன்னு அவங்ககிட்டயே கேட்டேன். "தலைய ஆட்டுனா மீனு ரோட்டுல கெடக்கும் தம்பி. கழுத்து நிக்கணும், இடுப்புதான் போணும்"னாங்க.

அதை அப்படியே வரைஞ்சேன். எட்டு பிரேம்லயும் கூடை, சும்மாடு, தலை மூணும் அசையாம நிக்குது. மேல கீழ போக வேண்டிய அந்த ஒரு பிக்சலை முட்டியும் இடுப்பும் வாங்கிக்குது. சும்மாடு ரெண்டு பிக்சல் உயரம்தான். அதை எடுத்துட்டா கூடையில கனமே தெரியல. ஒரு கை கூடை விளிம்புல இருக்கு, இன்னொரு கை மட்டும் வீசுது.

இடுப்போட பக்கவாட்டு ஆட்டம் ஒரு பிக்சலை விடச் சின்னது. முழு பிக்சல் நகர்த்தினா டான்ஸ் ஆகிடும். அதனால கோட்டை நகர்த்தாம, புடவை ஓரத்துப் பிக்சலோட நிறத்தை ஒரு பிரேம்ல பாதி மாத்தி, அடுத்ததுல முழுசா மாத்தணும். கண்ணு அதை அசைவாவே எடுத்துக்குது. சப்-பிக்சல் அனிமேஷன்னு சொல்றது இதைத்தான். பிடிபட நாளாகும், ஆனா பிடிபட்ட அன்னைக்கு வர்ற சந்தோஷமே தனி. முந்தானை மட்டும் உடம்பை விட ஒரு பிரேம் பிந்தி வரணும். கூடையில இருந்து சொட்டுற ஐஸ் தண்ணிக்கு ஒரே பிக்சல் போதும். விழ விழ இடைவெளி 1, 2, 4ன்னு கூடணும். சமமா வச்சா நூல்ல கட்டி இறக்குற மாதிரி இருக்கும்.

அடுத்தது நேரம். ஏஸ்பிரைட்ல ஒவ்வொரு பிரேமும் 100 மில்லிசெகண்ட்ல ஆரம்பிக்கும். அப்படியே விட்டா எட்டும் 0.8 செகண்ட்ல முடிஞ்சுடும், நடையில பாரம் இருக்காது. எடை இறங்குற ரெண்டு பிரேமுக்கும் 140, கால் கடக்குறதுக்கு 80 வச்சேன். பிரேம் கூட்டாமலே கனம் வந்துடுச்சு. புதுசா வர்றவங்க வழுவழுன்னு வரணும்னு பிரேமா சேர்த்துக்கிட்டே போறாங்க. வேணாங்க, முதல்ல நேரத்தை மாத்திப் பாருங்க.

கேம்ல போடும்போது, ஊனின கால் ஒரு பிரேம்ல 2 பிக்சல் பின்னால போச்சுன்னா, அதே பிரேம்ல ஆளும் 2 பிக்சல் முன்னால போகணும். இல்லன்னா கால் வழுக்கும். படத்தைப் பெரிசாக்கும்போது 2, 3, 4 மடங்குன்னு முழு எண்ணா வைங்க. 1.5 வச்சா சில பிக்சல் தடியா, சில பிக்சல் ஒல்லியா வரும்.

அடுத்து மீன்பாடி வண்டி, அதாவது சரக்கு ஏத்துற மூணு சக்கர மிதிவண்டி பண்ணப்போறேன். மிதிக்கிற கால்ல எந்த இடத்துல பாரம் விழுதுன்னு கல்மண்டபம் பக்கம் நின்னு பார்த்துக்கிட்டிருக்கேன். சைக்கிள் மிதிக்கிறதை அனிமேட் பண்ணினவங்க, ஒரு சுத்துக்கு எத்தனை பிரேம் வச்சீங்கன்னு சொல்லுங்க.