பெடல் ஸ்டீல் கிட்டார் வழக்கொழிந்து போகிறதா?

நெடுஞ்சாலைக்காது:
ரொம்ப நாளாக மனசில் இருக்கிற கேள்வி. டெக்சஸுக்கு வந்து ஆறு வருஷம் ஆகிறது, வேலைக்குப் போக வர காரில் கன்ட்ரி இசை வானொலிதான் ஓடும். பழைய பாட்டுகளில் பாடகர் ஒரு வரியை முடித்ததும் பின்னாலிருந்து ஒன்று வழுக்கிக்கொண்டு வந்து அழுமே, அதற்குப் பெயர் பெடல் ஸ்டீல் கிட்டார் என்று தெரிந்துகொள்ளவே எனக்கு ஒரு வருஷம் ஆனது. இப்போதைய ஹிட் பாட்டுகளில் அதைத் தேடவேண்டியிருக்கிறது. போன மாதம் ஒரு டான்ஸ் ஹாலில் முதல்முறையாக நேரில் பார்த்தேன், வாசித்தவருக்கு எழுபதுக்கு மேல் இருக்கும். அந்தத் தலைமுறையோடு இது முடிந்துவிடுமா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பத்துக்கம்பி:
மூன்று வருஷமாகக் கற்றுக்கொள்கிறேன், அதனால் நீளமாகத்தான் எழுதுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

இது பரவாததற்கு முதல் காரணம் கஷ்டம். மேசை மாதிரி முன்னால் கிடத்தி, உட்கார்ந்து வாசிக்கிற வாத்தியம் இது. இடது கையில் கம்பிமேல் வழுக்க எஃகு உருளை, வலது கையில் கட்டைவிரலுக்கும் இன்னும் இரண்டு விரலுக்கும் பிக் (மீட்டுகிற நகம்), வலது கால் வால்யூம் பெடலில், இடது கால் மூன்று பெடல்களுக்கு மேல், போதாததற்கு இரண்டு முழங்கால்களுக்கும் லீவர்கள். சாதாரண கிட்டாரில் விரல் பதிக்க இருக்கிற ஃபிரெட் கட்டைகள் கிடையாது, பலகையில் வெறும் கோடுதான், காது சொல்வதுதான் சுருதி. ஈ-9 என்கிற சுருதியமைப்பில் முதல் இரண்டு பெடலையும் சேர்த்து மிதித்தால் ஐந்தாம், பத்தாம் கம்பிகள் பி-யிலிருந்து சி ஷார்ப்புக்கும், மூன்றாவதும் ஆறாவதும் ஜி ஷார்ப்பிலிருந்து ஏ-வுக்கும் ஏறும். உருளையை நகர்த்தாமலேயே ஈ மேஜர் கார்டு (சேர்ந்து ஒலிக்கிற சுரங்கள்) ஏ மேஜராகிவிடும். மற்ற கம்பிகள் அசையாமல் ஒலித்துக்கொண்டிருக்க, நடுவில் ஒன்றிரண்டு மட்டும் மெல்ல ஏறுகிறதே, நீங்கள் சொல்கிற அழுகை அதுதான். பெடல் வைத்த கிட்டார் முன்பே இருந்தது, ஆனால் பெரும்பாலும் சுருதியை மாற்றிக்கொள்ளத்தான் மிதிப்பார்கள். 1954-இல் ஹிட்டான கன்ட்ரி பாடகர் வெப் பியர்ஸின் 'ஸ்லோலி' பாட்டில் பட் ஐசக்ஸ் கம்பி ஒலிக்கும்போதே மிதித்தார். அதற்கப்புறம் ஸ்டீல்காரர்கள் எல்லாருக்கும் பெடல் வேண்டியதாகிவிட்டது.

இரண்டாவது காரணம், சாதாரண கிட்டார் கடையில் இதைத் தொட்டுப் பார்க்கக்கூடக் கிடைக்காது. சின்னப் பட்டறைகளில் செய்கிறார்கள், இல்லை பழசு வாங்கவேண்டும். நான் வாங்கிய பழசில் அடியிலிருந்த இழுகம்பி ஒன்று வளைந்திருந்தது, விற்றவர் வாயே திறக்கவில்லை, இரண்டு மாதம் என் காதுதான் மோசம் என்று நொந்துகொண்டிருந்தேன்.

எது தேய்கிறது என்று கேட்டால் சி-6 என்கிற இன்னொரு சுருதியமைப்பு என்பேன். பழைய ஆட்கள் இரட்டைக் கழுத்து வாத்தியம் வைத்திருப்பார்கள், ஒரு கழுத்து ஈ-9, இன்னொன்று வெஸ்டர்ன் ஸ்விங் என்கிற ஆட்ட இசைக்கும் ஜாஸுக்கும் சி-6. பட்டி எம்மன்ஸ் என்கிற ஸ்டீல்காரர் இரண்டிலும் அரசர். எனக்குத் தெரிந்து புதிதாக ஆரம்பிக்கிறவர்கள் எல்லாரும் ஈ-9 ஒற்றைக் கழுத்துதான் வாங்குகிறார்கள், நானும்தான். விலை குறைவு, தூக்கிப் போகும்போது முதுகும் பிழைக்கும்.

இரவுவண்டி:
கன்ட்ரி வானொலியை வைத்து இதன் நாடியைப் பார்க்காதீர்கள் நண்பரே. ஹவுஸ் ஆஃப் காட் என்கிற அமெரிக்கக் கறுப்பின மக்களின் கிறிஸ்தவ சபைகளில் 1930-களிலிருந்து ஆராதனைக்கு ஸ்டீல் கிட்டார்தான், முதலில் மடியில் வைத்து வாசிக்கிற வகை, பிறகு பெடல் வந்தது. அங்கே அது அழாது, பிரசங்கியாரோடு சேர்ந்து கத்தும், சபையே எழுந்து ஆடும். அந்தப் பள்ளியில் வளர்ந்தவர்தான் ராபர்ட் ராண்டால்ஃப். 2024-இல் பியான்சேயின் கன்ட்ரி ஆல்பத்தில் வாசித்தது அவர். நைஜீரியாவில் கிங் சன்னி அடேவின் ஜூஜூ என்கிற நடன இசைக் குழுவில் டெமோலா அடெபோஜு வாசித்ததைக் கேட்டுப் பாருங்கள், தாளக் கருவிகளின் கூட்டத்துக்கு நடுவே இது மிதந்துகொண்டு போகும். 1983-இல் பிரையன் ஈனோவின் 'அப்பல்லோ' ஆல்பத்தில் டேனியல் லானுவா வாசித்தது இன்னொரு கிளை, இன்று ஆம்பியன்ட் என்கிற, சூழலாகப் பரவுகிற மெல்லிசை செய்கிறவர்கள் பலர் அந்த வழியில்தான் போகிறார்கள். 2025 ஜனவரியில் காலமான சூசன் ஆல்கார்ன் டெக்சஸ் கன்ட்ரி குழுக்களில் வாசித்துவிட்டுப் பிறகு அர்ஜென்டினாவின் பியாசோலா எழுதிய டாங்கோக்களை இதில் வாசித்தவர்.

சும்மாஒருவன்:
ஊரில் கோட்டு வாத்தியம் வாசிக்க எத்தனை பேர் மிச்சம் என்று எண்ணிவிட்டு வாருங்கள், அப்புறம் அமெரிக்காக்காரனுக்காகக் கவலைப்படலாம் :)

இரவுவண்டி:
@சும்மாஒருவன் அடி சரியான இடத்தில்தான் விழுந்திருக்கிறது. ஆனால் இரண்டும் ஒன்றில்லை. கோட்டு வாத்தியத்தில் கமகம் முழுக்கக் கையில் இருக்கிற கட்டையின் நகர்வு. இங்கே பாதி வேலை காலுக்குப் போய்விடுகிறது, ராகம் ஓடுவதைவிட கார்டு உருமாறுவதுதான் விஷயம்.

பத்துக்கம்பி:
@இரவுவண்டி நீங்கள் சொன்னதெல்லாம் சரி, கேட்கக் கிடைக்கிறது. பிழைப்பு? ஒரு காலத்தில் கன்ட்ரி இசையின் தலைநகரான நாஷ்வில்லில் லாயிட் கிரீன், பீட் டிரேக் மாதிரி ஆட்கள் ஸ்டுடியோ ஸ்டுடியோவாக ஓடிக்கொண்டிருந்தார்கள். டிரேக் பாப் டிலனுக்கு வாசித்தார், 1970-இல் ஜார்ஜ் ஹாரிசன் அவரை லண்டனுக்கே வரவழைத்தார். இன்றும் பால் ஃபிராங்க்ளின் மாதிரி ஒருவருக்கு வேலைக்குக் குறைவில்லை. ஆனால் அவருக்கு அடுத்த வரிசையில் நிற்கிற நல்ல கைகள் என்ன செய்யும்? எனக்குச் சொல்லிக்கொடுப்பவர் நன்றாக வாசிப்பார், பகலில் ஏசி ரிப்பேர் பார்க்கிறார். வாத்தியம் சாகாது, அதை நம்பி வாழ்வதுதான் கடினமாகிக்கொண்டிருக்கிறது.

நெடுஞ்சாலைக்காது:
எல்லாருக்கும் நன்றி. சபைகளில் வாசிக்கிறார்கள் என்பது எனக்குச் சுத்தமாகத் தெரியாது, நேற்று ராத்திரி ராண்டால்ஃப் வாசிப்பைப் போட்டுவிட்டுத் தூங்க ஒரு மணி ஆகிவிட்டது. சனிக்கிழமை மறுபடி அந்த ஹாலுக்குப் போகிறேன். போன தடவை முழுக்க அந்தப் பெரியவரின் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன், இந்த முறை முழங்கால் தெரிகிற மாதிரி ஓரத்து நாற்காலியைப் பிடிக்கவேண்டும்.