சாவிக்கொத்துக் கத்தி: பூட்டு வேண்டுமா, கத்தரிக்கோல் வேண்டுமா?

ஒற்றைச்சாவி:
சாவிக்கொத்தில் மாட்டிக்கொள்ள ஒரு சின்னக் கத்தி வாங்கப் போகிறேன். கொத்தில் ஏற்கெனவே நான்கு சாவிகள் தொங்குகின்றன. அதனால் 30 கிராமுக்கு மேல் எதுவும் வேண்டாம். பார்சல் பிரிப்பது, சட்டையில் தொங்கும் நூலை நறுக்குவது, மாத்திரை அட்டையைத் துண்டு போடுவது, மூக்குக்கண்ணாடியின் திருகு தளர்ந்தால் முடுக்குவது, இவ்வளவுதான் என் வேலைகள்.

தேடித் தேடி இரண்டில் வந்து நிற்கிறேன். ஒன்று விக்டோரினாக்ஸ் கிளாசிக் எஸ்டி. மடக்கினால் 58 மில்லிமீட்டர், எடை சுமார் 21 கிராம். ஒரு சிறு அலகு, கத்தரிக்கோல், நக அரம், பல்குச்சி, சாமணம் எல்லாம் அதற்குள் இருக்கின்றன. மற்றது ஸ்பைடர்கோ லேடிபக். அதில் அலகு மட்டும்தான், ஆனால் ஏறத்தாழ 49 மில்லிமீட்டர் நீளம், விரித்தால் பூட்டிக்கொள்ளும், எடையும் முன்னதைவிடக் குறைவு. கையில் வைத்துப் புழங்கியவர்கள் சொல்லுங்கள்.

இரும்புவிரல்:
லேடிபக். இதில் யோசிக்கவே ஒன்றுமில்லை.

ஆறு வருடங்களுக்கு முன்பு, பூட்டில்லாத ஒரு மடக்குக் கத்தியால் பிளாஸ்டிக் டப்பாவின் மூடியில் துளை போட்டுக்கொண்டிருந்தேன். முனையை ஊன்றி அழுத்தினேன். மூடி நெளிந்தது, முனை சறுக்கியது, அலகு அப்படியே என் ஆட்காட்டி விரலின் மேல் மடங்கியது. முதலில் வலியே இல்லை. நடு மூட்டுக்குக் கீழே மெல்லிய வெள்ளைக் கோடு ஒன்று தெரிந்தது. அது என்னவென்று நான் உற்றுப் பார்ப்பதற்குள் சிவந்து வழிய ஆரம்பித்துவிட்டது. நான்கு தையல். இன்றும் அந்த விரல் முழுதாக மடங்குவதில்லை.

பூட்டில்லாத கத்தியில் அலகை நிமிர்த்திப் பிடித்திருப்பது முதுகிலுள்ள வில்தகடு ஒன்றுதான். அலகின் முதுகுப் பக்கம் போதிய விசை விழுந்தால் அது விட்டுக்கொடுத்துவிடும். லேடிபக்கில் பிடியின் முதுகிலுள்ள நெம்புகோல் அலகின் அடியில் வெட்டிய பள்ளத்தில் விழுந்து கவ்விக்கொள்கிறது. நாமே அமுக்கினால் ஒழிய விடாது. 18 கிராம்கூட இல்லாத ஒரு பொருளில் இது கிடைக்கும்போது வேண்டாம் என்று ஏன் சொல்ல வேண்டும்?

நூல்கண்டு:
இரும்புவிரல் ஐயா, உங்கள் விரலுக்கு நேர்ந்ததைப் படித்தபோது என் கையே கூசியது. ஆனால் நீங்கள் செய்த வேலை குத்தித் துளைப்பது. ஒற்றைச்சாவி எழுதியிருக்கும் நான்கு வேலைகளில் ஒன்றுகூடக் குத்தும் வேலை இல்லை. அவற்றில் இரண்டு கத்தரிக்கோலுக்கு உரியவை.

சட்டையில் தொங்கும் நூலைக் கத்தியால் அறுத்துப் பாருங்கள். நூலை இழுத்துப் பிடித்தால்தான் அலகு அதில் ஏறும். இழுத்த வேகத்தில் தையல் சுருங்கி, துணி முகம் சுளித்ததுபோல் நிற்கும். கிளாசிக்கின் கத்தரிக்கோலை வாய் திறந்து துணியோடு படுக்க வைத்து ஒரு நறுக்கு நறுக்கினால் போதும், நூல் இருந்த இடமே தெரியாது. மாத்திரை அட்டையும் அப்படித்தான். வளைந்துகொடுக்கும் அட்டையின் மேல் கூர்மையான அலகை அழுத்துவது எனக்குச் சரியாகவே படவில்லை. வழுக்கினால் அது போய் நிற்கும் இடம் அட்டையைப் பிடித்திருக்கும் கைதான். ஒன்பது வருடங்களாக என் சாவிக்கொத்தில் கிளாசிக்தான் இருக்கிறது. அலகைத் திறந்த நாட்களைவிடக் கத்தரிக்கோலைத் திறந்த நாட்கள் பல மடங்கு அதிகம்.

ஒரு குறையையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். நக அரத்தின் நுனியில் இருக்கும் திருப்புளி 2.5 மில்லிமீட்டர் அகலம். மூக்குக்கண்ணாடித் திருகுக்கு அது பெரிது. அந்த வேலைக்கு இதை நம்பி வாங்காதீர்கள்.

இரும்புவிரல்:
நூல்கண்டு அம்மா சொல்லும் நூல் விஷயத்தை ஒப்புக்கொள்கிறேன். பார்சலுக்கு வாருங்கள். கிளாசிக்கின் அலகு நான்கு சென்டிமீட்டர்கூட வராது. அதைத் திறக்க நகத்தைப் பள்ளத்தில் மாட்டி இழுக்க வேண்டும். நகத்தை ஒட்ட வெட்டியவருக்கும் கை ஈரமாக இருப்பவருக்கும் அது பெரும்பாடு. லேடிபக்கின் அலகில் வட்டத் துளை இருக்கிறது. கட்டைவிரலை வைத்துத் தள்ளினால் திறந்துகொள்ளும்.

எஃகையும் பாருங்கள். லேடிபக்கில் பலகாலமாக வந்துகொண்டிருப்பது விஜி-10. ராக்வெல் அளவில் 60-ஐ ஒட்டிய கடினம். கிளாசிக்கின் எஃகு 56-ஐ ஒட்டியது. அட்டைப்பெட்டிகளைத் தொடர்ந்து வெட்டினால் எது முதலில் மழுங்கும் என்று சொல்லவே வேண்டாம். மழுங்கிய கத்தியில் அழுத்தம் கூட்டுவோம், அழுத்தம் கூடினால் சறுக்கும். என் விரலுக்கு நேர்ந்ததில் மழுங்கலுக்கும் பங்கு உண்டு.

நூல்கண்டு:
மென்மையான எஃகு சீக்கிரம் மழுங்கும், உண்மைதான். ஆனால் சீக்கிரம் தீட்டவும் வரும். சாணைக்கல்லில் ஐந்து நிமிடம் போதும். கடினமான எஃகு மழுங்கிய பிறகு பழக்கமில்லாதவர் கையில் பழைய கூருக்குத் திரும்ப எவ்வளவு நேரம் பிடிக்கும்? சாவிக்கொத்துக் கத்தி வாங்கும் எல்லோரும் தீட்டும் கலையில் தேர்ந்தவர்கள் அல்லர்.

பூட்டைப் பற்றி இன்னொன்று. பிரிட்டனில் பொது இடத்தில் காரணம் காட்டாமல் வைத்துக்கொள்ளக்கூடிய மடக்குக் கத்திக்கு அலகு 3 அங்குலத்துக்கு மிகக் கூடாது, பூட்டிக்கொள்ளவும் கூடாது. நீளத்தில் லேடிபக் எளிதாகத் தேறும், பூட்டில் தோற்றுவிடும். பூட்டுள்ள கத்தியைச் சட்டமே வேறு கண்ணால் பார்க்கும் இடங்கள் உண்டு. எங்கு போனாலும் கூடவே வரப்போகும் பொருள் என்பதால் இதைச் சின்ன விஷயமாக நான் நினைக்கவில்லை.

மேகப்பாதை:
இருவரும் மறந்த ஒன்று: விமான நிலையம். சாவிக்கொத்தில் கத்தி இருப்பது நமக்கே மறந்துபோகும். சோதனைத் தட்டில் சாவியைப் போடும்போதுதான் நினைவு வரும். அப்படியே இரண்டு கத்திகளைப் பறிகொடுத்திருக்கிறேன். ஒன்று என் அப்பா கொடுத்தது. ஐரோப்பிய ஒன்றிய விதிப்படி 6 சென்டிமீட்டருக்கு மிகாத அலகு கைப்பையில் போகலாம். அமெரிக்காவில் கத்தியே கூடாது. 2013 மார்ச்சில் 6 சென்டிமீட்டர் வரை அனுமதிப்பதாக அறிவித்தார்கள், எதிர்ப்பு கிளம்பியதும் ஜூன் மாதத்தில் கைவிட்டார்கள்.

அலகே இல்லாத ஜெட்செட்டர் என்ற வகையையும் விக்டோரினாக்ஸ் செய்திருக்கிறது. அதிலும் கத்தரிக்கோல் உண்டு. அடிக்கடி பறப்பவர் என்றால் அதைப் பாருங்கள். எந்தக் கத்தியானாலும் வளையத்தில் நேராகக் கோக்காமல், ஒரு சொடுக்கில் கழற்றக்கூடிய கொக்கியில் மாட்டுங்கள். கிளம்பும் முன் கழற்றி வீட்டில் வைத்துவிடலாம். அப்பாவின் கத்தியை அப்படி மாட்டியிருந்தால் இன்றும் என்னிடம் இருந்திருக்கும்.

ஒற்றைச்சாவி:
மூவருக்கும் நன்றி. உங்கள் பேச்சைப் படித்துவிட்டு ஒரு காரியம் செய்தேன். ஒரு வாரம் சட்டைப்பையில் துண்டுக் காகிதம் வைத்துக்கொண்டு, எதையாவது வெட்ட வேண்டும் என்று தோன்றியபோதெல்லாம் குறித்தேன். மொத்தம் 14 முறை. நூல், மாத்திரை அட்டை, துணிக்கடைச் சீட்டின் பிளாஸ்டிக் இழை, எண்ணெய்ப் பாக்கெட்டின் மூலை என்று ஒன்பது முறை கை தேடியது கத்தரிக்கோலைத்தான். நான்கு முறை பார்சல் டேப். ஒருமுறை விரலில் ஏறிய மரச் சிராய். அதற்குச் சாமணம் வேண்டும். குத்தும் வேலை ஒன்றுகூட வரவில்லை.

கிளாசிக் வாங்குகிறேன், கொக்கியில் மாட்டுகிறேன். கண்ணாடித் திருகுக்குத் தனியாக ஒரு சின்னத் திருப்புளி மேசை இழுப்பறையில் இருக்கட்டும்.

இரும்புவிரல்:
உங்கள் காகிதம் சொல்வதை நான் மறுக்க முடியாது. என் வாரத்தைக் குறித்தால் பாதிக்கு மேல் அட்டைப்பெட்டியாக இருக்கும், அதனால் நான் லேடிபக்கை விடப்போவதில்லை.

ஆனால் ஒரு வாக்கு கொடுங்கள். அந்தக் கத்தியின் முனையால் எதையும் குத்தித் துளைக்காதீர்கள். டேப்பை வெட்டும்போது அலகை உடலுக்கு எதிர்ப்பக்கமாக நகர்த்துங்கள், பெட்டியைப் பிடிக்கும் கை அலகின் வழியில் நிற்க வேண்டாம். வெட்டி முடித்ததும் அலகில் ஒட்டிய பசையைத் துடைத்துவிடுங்கள். அது மூட்டுக்குள் போனால் கத்தி திறக்க மறுக்கும். மூட்டில் அவ்வப்போது ஒரு சொட்டு எண்ணெய் விடுங்கள். தீட்டும்போது அலகு கல்லோடு பக்கத்துக்கு 15 முதல் 20 டிகிரி சாய்வில் இருக்கட்டும்.

நூல்கண்டு:
இரும்புவிரல் ஐயா சொன்ன ஒவ்வொன்றையும் நானும் செய்கிறேன். கூடுதலாக ஒன்று: சாமணத்தை உபயோகித்த உடனே அதன் இடத்தில் செருகிவிடுங்கள். என் ஒன்பது வருடங்களில் கத்தி ஒருமுறைகூடத் தொலையவில்லை. சாமணம் மூன்று முறை தொலைந்தது. நல்லவேளையாக அது தனியாகவும் கிடைக்கிறது.