டர்ன்டேபிள் ஹம்: தகடு போடுவதா, தள்ளி வைப்பதா?

வினைல்நேசன்: ஆம்ப்ளிபையருக்கு நேர் மேல்தட்டில் டர்ன்டேபிள் (ரெக்கார்ட் பிளேயர்). ஊசி தாங்கும் ஆர்ம் ரெக்கார்டின் நடுப்பக்கம் போகப் போக ஹம் ('ம்ம்' என்ற இரைச்சல்) ஏறுகிறது. நடுவில் அலுமினிய ஃபாயில் விரித்துப் பார்த்தேன், துளிகூடக் குறையவில்லை. மியூமெட்டல் (காந்தப்புலத்தைத் தடுக்கப் பயன்படும் நிக்கல்-இரும்புக் கலவை) தகடு வாங்கலாமா?

சுருள்காரன்: இப்போது வாங்காதீர்கள். ஆர்ம் நகர்ந்தால் ஹம் மாறுகிறது என்றால், ஆம்ப்பில் உள்ள டிரான்ஸ்பார்மரிலிருந்து கசியும் காந்தப்புலத்தை கார்ட்ரிட்ஜ் (ஊசியின் அசைவை மின் சிக்னலாக்கும், காந்தமும் சுருளும் உள்ள பகுதி) பிடிக்கிறது. எர்த் கோளாறாக இருந்தால் ஆர்ம் எங்கே நின்றாலும் ஒரே அளவில்தான் கேட்கும். ஃபாயில் மின்புலத்தைத் தடுக்கும், வீட்டு மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸ் காந்தப்புலம் அதைச் சட்டையே செய்யாது. ஃபோனோ ஸ்டேஜ் (கார்ட்ரிட்ஜின் சின்ன சிக்னலைப் பெருக்கும் பகுதி) 1 கிலோஹெர்ட்ஸில் 100 மடங்கு பெருக்குகிறது என்றால், ஆர்ஐஏஏ வளைவு (ரெக்கார்டில் குறைத்துப் பதித்த தாழ்ந்த ஒலிகளைத் திரும்ப உயர்த்தும் முறை) காரணமாக 50 ஹெர்ட்ஸை அதற்கும் மேல் 7 மடங்கு தூக்கும். அதனால் முதலில் தள்ளி வையுங்கள். தூரம் இரட்டித்தால் புலம் சுமாராக எட்டில் ஒரு பங்காகிவிடும்.

தகடுபிரியன்: இடம் இருப்பவர்களுக்கு இது சரி. ஒரே அலமாரியில் அடுக்கி வைத்திருப்பவர் என்ன செய்வார்? மைக் டிரான்ஸ்பார்மர்களெல்லாம் மியூமெட்டல் டப்பாவில்தானே வருகின்றன?

சுருள்காரன்: அந்த டப்பா சின்னப் பொருளை முழுசாக மூடுகிறது. இவர் போடப்போவது ஒரு தட்டைத் தகடு, விளிம்பைச் சுற்றிக்கொண்டு புலம் வந்துவிடும். தவிர, மியூமெட்டலை வளைத்தாலோ தட்டினாலோ அதன் குணம் குறைந்துவிடும், திரும்பவும் சூளையில் வைத்துப் பதப்படுத்த வேண்டும்.

தகடுபிரியன்: சரி, இரும்புத் தகடு? விலை குறைவு, பலமான புலத்தையும் தாங்கும்.

சுருள்காரன்: டிரான்ஸ்பார்மர் பக்கம் வைத்தால் ஓரளவு பலன் உண்டு. ரெக்கார்ட் சுழலும் பிளாட்டருக்கு அடியில் மட்டும் வேண்டாம். கார்ட்ரிட்ஜில் இருக்கும் காந்தம் இரும்பை நோக்கி இழுபட்டு, ஊசி அழுத்தம் கூடிவிடும்.

பழையஆம்ப்: இரண்டு பேரும் திசையை விட்டுவிட்டீர்கள். ஆம்ப்பை 90 டிகிரி திருப்பிப் பார்க்கச் சொல்லுங்கள். கார்ட்ரிட்ஜின் சுருள் டிரான்ஸ்பார்மருக்கு எந்தக் கோணத்தில் நிற்கிறது என்பதைப் பொறுத்து அது பிடிக்கும் ஹம் நிறையவே மாறும். காற்று போகிற துவாரங்களை மட்டும் அடைத்துவிடாதீர்கள்.

வினைல்நேசன்: திருப்பினேன், குறைந்தது. அப்புறம் ஆம்ப்பை இரண்டு தட்டு கீழே இறக்கிவிட்டு, ஊசியை ரெக்கார்டில் வைக்காமல் ஆர்மைக் கையால் நகர்த்திப் பார்த்தேன். இப்போது மெல்லிய ஹம் ஒன்று மட்டும் மிச்சம், எந்த இடத்திலும் ஒரே அளவு.

தகடுபிரியன்: அதற்குத்தான் தகடு தேவைப்படும் என்றேன்.

சுருள்காரன்: இல்லை நண்பரே, எல்லா இடத்திலும் ஒரே அளவு என்றால் இனி அது காந்தப்புலம் இல்லை. டர்ன்டேபிளின் எர்த் வயர் ஆம்ப்பில் இறுக்கமாக இருக்கிறதா பாருங்கள்.